எங்கள் வீட்டு சர்வரும் ஒரு மசால்வடையும்

மன்னார்குடிக்கு மதில் அழகு என்பார்கள். எங்கள் வீட்டுக்கு அழகு, கூடத்து அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் சர்வர். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மகன் பெங்களூருக்குப் போகும்போது விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர்தான். ரிட்டயரானவனுக்குப் பொழுது போக வேண்டுமே என்று லினக்ஸ் போட்டேன். பேத்தி தவழ்ந்த வீடியோ முதல் பங்குனிப் பெருவிழாவில் நான் எடுத்த வெண்ணெய்த்தாழிப் படங்கள் வரை எல்லாம் அதில் இருக்கிறது. வெண்ணெய்த்தாழிப் படங்களில் பாதி மங்கல். பெருமாள் மேல் வீச வேண்டிய வெண்ணெயை யாரோ என் லென்ஸ் மேல் வீசிவிட்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம் டிவியில் பேத்தி வீடியோ திக்கித் திக்கி ஓடியது. டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். லோட் ஆவரேஜ் 9.42, 8.87, 7.90. கடைசி ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடத்துக்கான சராசரிச் சுமை இவை. என்னுடையது இரண்டு கோர் மெஷின். இரண்டைத் தாண்டினாலே மூச்சுத் திணறும் என்று படித்திருந்தேன். இதுவோ ஒன்பதைத் தாண்டி நின்றது. ஆனால் ப்ராசஸர் உழைப்பு மூன்று சதவீதம்கூட இல்லை.

"அலமாரிக்குப் பின்னாடி எலிங்க. ராத்திரியெல்லாம் கடகடன்னு சத்தம்" என்றாள் வீட்டுக்காரி.

"அது ஹார்ட் டிஸ்க். உனக்குப் புரியாது" என்றேன். இந்த வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் நான் யோசித்திருந்தால் அன்றே வேலை முடிந்திருக்கும். யோசிக்கவில்லை. சூடாகிறது என்று தீர்மானித்து, சமையலறையிலிருந்து டேபிள் ஃபேனைப் பறிமுதல் செய்து மெஷின் எதிரே வைத்தேன். சுமை குறையவில்லை, சாம்பாரில் உப்பு கூடியது. அடுத்து வோல்டேஜைச் சந்தேகித்தேன். அதற்கடுத்து பந்தலடிக் கடைத்தெருவுக்குப் போய் கூடுதல் ராம் வாங்கி வந்து செருகினேன். எண் 11 ஆனது.

மகனுக்குப் போன் போட்டேன். "ப்ராசஸர் சதவீதம் காட்டற அதே வரியில டபிள்யூ, ஏன்னு ரெண்டு எழுத்து இருக்கும் பாருங்கப்பா. எவ்வளவு?"

இருந்தது. 94. மூன்று நாளாக என் கண்ணெதிரே 'வா', 'வா' என்று கூப்பிட்டிருக்கிறது, நான்தான் போகவில்லை.

"ப்ராசஸர் சும்மாதாம்பா உக்காந்திருக்கு. டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டிருக்கற வேலையையும் லினக்ஸ் சுமைக் கணக்குல சேர்த்துக்கும்."

மற்ற யூனிக்ஸ்களில் பெரும்பாலும் ப்ராசஸரில் ஓடுவதையும் அதற்காக நிற்பதையும் மட்டும்தான் எண்ணுவார்களாம். 1993 அக்டோபரில் மத்தியாஸ் உர்லிக்ஸ் என்பவர் லினக்ஸில் இதை மாற்றினார். ராம் போதாதபோது கைகொடுக்கும் வேகமான ஸ்வாப் டிஸ்க்கைக் கழற்றி மந்தமானதை மாட்டினால் மெஷின் தள்ளாடும், சுமை எண் மட்டும் குறையும். இது என்ன கணக்கு என்பது அவர் கேள்வி. நியாயம்தானே? இந்தப் பழைய கதையை 2017இல் பிரெண்டன் கிரெக் தோண்டி எடுத்து எழுதினார்.

எனக்கு இது சம்பா அறுப்பு நேரத்துக் கொள்முதல் நிலையமாகத்தான் புரிந்தது. உள்ளே ஒரே ஒரு தராசு. நாற்பது கிலோ மூட்டை ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். வெளியே டிராக்டர் வரிசை ரோடு வரை நிற்கும். கணக்கு எழுதுகிறவர் காது குடைந்துகொண்டிருப்பார். இந்த நிலைமையில் நான் செய்தது என்ன? கணக்கு எழுத இன்னும் இரண்டு பேரைப் பிடித்துப் போட்டு, அவர்களுக்கு ஃபேனும் வைத்தேன்.

யார் இந்த டிராக்டர்கள் என்று பி.எஸ். கட்டளையில் பார்த்தால், வரிசையாக 'டி' நிலை. டிஸ்க் பதில் தரும்வரை எழுப்ப முடியாத தூக்கம் அது. கில் மைனஸ் ஒன்பது, அதாவது பிரம்மாஸ்திரம், அதை விட்டாலும் உடனே அசையாது. இதை ரசித்துப் படித்துக்கொண்டிருந்தபோது, "சாப்பிட வாங்கன்னு நாலு தடவை கூப்பிட்டாச்சு" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

'டி' நிலையில் கிடந்ததெல்லாம் என்னுடைய பேக்கப். யு.எஸ்.பி.யில் மாட்டிய சின்ன டிஸ்க், நிமிடத்துக்கு 5400 சுற்று. ஒரு சுற்றுக்கே பதினொரு மில்லிசெகண்ட் ஆகும். தாவித் தாவிப் படிக்கச் சொன்னால் செகண்டுக்கு நூறு தடவைகூடத் தேறாது. அதில் தினம் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பேக்கப் என்று கிரான் அட்டவணையில் நானே எழுதியிருந்தேன். எழுதியதாக நினைத்திருந்தேன். மணி போட வேண்டிய கட்டத்தில் 2 இல்லை, நட்சத்திரக்குறி இருந்தது. நட்சத்திரம் என்றால் 'ஒவ்வொரு மணிக்கும்'. முதல் பேக்கப் முடியுமுன் இரண்டாவது, அதன் முதுகில் மூன்றாவது. முப்பத்திரண்டு வருஷம் பிறர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

திருத்தினேன். முந்தையது முடியாமல் அடுத்தது தொடங்காதபடி ஃப்ளாக் பூட்டும் போட்டேன். சுமை 0.12. டேபிள் ஃபேனைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன். "இனிமே ராத்திரி ரெண்டு மணிக்கு மட்டும் கொஞ்ச நேரம் கடகடன்னு கேக்கும். பயப்படாதே, எலி இல்லை" என்று அறிவிப்பும் கொடுத்தேன்.

அவள் பதில் பேசாமல் எலிப்பொறியில் ஒரு மசால்வடையைக் குத்தி, அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டுப் படுத்தாள்.

இரண்டு மணிக்கு டிஸ்க் ஓடத் தொடங்கியது, மூன்றே முக்காலுக்கு நின்றது. நான்கு மணிக்குப் பொறி 'டப்' என்று விழுந்தது.