அரை கிரவுண்டு அதிபர்

கல்யாணப் பந்தியில் பாயசம் வருகிற நேரத்தில், "செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் இப்ப சென்ட் என்ன போகுது?" என்று பொதுவாக ஒரு கேள்வியைப் போடுகிறவர் இவர்தான். எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ரெக்சின் பையிலிருந்து லேஅவுட் வரைபடம் வெளியே வரும். இலையில் ரசம் ஓடுவதையெல்லாம் பார்க்க மாட்டார்.

சொத்து 1,200 சதுர அடி. அரை கிரவுண்டு. பேசும்போது மட்டும் "நம்ம லேண்டு". தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து இலவச வேனில் ஏற்றிக்கொண்டு போய், பிரியாணிப் பொட்டலமும் கொடுத்து, மஞ்சள் கல் நட்ட புஞ்சையைக் காட்டினார்கள். "ஸ்டேஷன்லேர்ந்து பத்து நிமிஷம் சார்" என்றார் புரோக்கர். எதில் போனால் பத்து நிமிஷம் என்பதை அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. வரைபடத்தில் பூங்கா இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, 23 அடி ரோடு இருந்தது. நேரில் சீமைக் கருவேலம் இருந்தது.

"அப்ரூவ்டுதானே?" என்று ஒரு வார்த்தை கேட்கத்தான் கேட்டார். "பஞ்சாயத்து அப்ரூவ்டு சார்!" என்று ஊராட்சித் தலைவரின் முத்திரையை நீட்டினார்கள். கையெழுத்து பச்சை மையில் வேறு இருந்ததால் மேற்கொண்டு விசாரிக்கத் தோன்றவில்லை. 1971ஆம் ஆண்டே நகர் ஊரமைப்புச் சட்டம் வந்துவிட்டது. வயலை மனையாகப் பிரித்து விற்க நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும். ஊராட்சித் தலைவர் தாமாக லேஅவுட்டுக்கு ஒப்புதல் தர முடியாது. இதெல்லாம் வேனில் வந்த யாருக்கும் தெரியாது. டிரைவருக்குத் தெரிந்திருக்கலாம். அவர் மனை வாங்கவில்லை.

2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த மாதம் 20ஆம் தேதி, அத்தகைய மனைகளின் பதிவை மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அமலுக்கு வந்தது. அன்றுதான் நம்மவர் சட்ட நிபுணரானார். அதுவரை தாய்ப் பத்திரம் என்றால் அம்மா பெயரில் உள்ள பத்திரம் என்று நினைத்திருந்த மனிதர், வில்லங்கச் சான்று, சிட்டா, புல வரைபடம், உட்பிரிவு என்று பேச ஆரம்பித்தார். 2017 மே மாதம் அங்கீகாரமற்ற மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்ததும் அரசாணை எண்ணை மந்திரம் போல மனப்பாடம் செய்துகொண்டார்.

எல்லாம் செய்தார், விண்ணப்பம் மட்டும் போடவில்லை.

ஏன் என்று கேட்டால் சிரிப்பார். "கடைசித் தேதியை நீட்டிப்பாங்க சார்." நீட்டினார்கள். மறுபடி நீட்டினார்கள். ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, "நான் சொன்னேனா இல்லையா?" என்றார். கட்டணம் குறையும் என்றார், அதுவும் குறைந்தது. முழுதாகத் தள்ளுபடி ஆகும் என்பதுதான் இப்போதைய கணிப்பு. அரசாங்கம் இவரைக் கெடுத்ததா, இவர் மாதிரி லட்சம் பேர் சேர்ந்து அரசாங்கத்தைக் கெடுத்தார்களா என்று பட்டிமன்றம் வைத்தால் நடுவருக்குத்தான் கஷ்டம்.

இத்தனைக்கும் மனிதர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். ரேஷன் வரிசையில் யாராவது நடுவில் நுழைந்தால் ஊரைக் கூட்டிவிடுவார். ஏரியை ஆக்கிரமித்து வீடு கட்டுகிறார்களே என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார். "உங்க மனையில கூட மழைக்காலத்துல தண்ணி நிக்குதாமே?" என்றால், "அது நிக்கலை சார், இறங்க நேரமாகுது" என்பார். 2016 அக்டோபர் 20க்குள் பதிவான மனைக்குத்தான் வரன்முறை என்ற விதியில் அவருக்கு அபார திருப்தி. அந்தத் தேதியைத் தளர்த்த வேண்டும் என்று யாராவது கேட்டால் முகம் சிவந்துவிடும். "அப்புறம் சட்டம் எதுக்கு சார் இருக்கு?" தனக்கு விலக்கு, தனக்குப் பின்னால் வந்தவனுக்கு விதி. இதில் ஒரு முரண்பாடு இருப்பதாக அவருக்கு இதுவரை படவில்லை.

லேஅவுட்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. முதலில் லேஅவுட் முழுவதற்கும் ஒப்புதல் வாங்கினால்தான் தனித்தனி மனைக்கு உத்தரவு கிடைக்கும் என்பதால் ஒற்றுமைக்காக ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அதில் மூன்று கோஷ்டி. மனை விற்ற புரோமோட்டரின் போன் எண் பல வருஷமாக உபயோகத்தில் இல்லை. பூங்கா என்று காட்டிய இடத்தை 47-ஏ, 47-பி என்று பெயர் வைத்து அந்தப் புண்ணியவான் விற்றுவிட்டுப் போயிருக்கிறார். 47-பி வாங்கியவர்தான் குழுவின் பொருளாளர். ஆகவே பூங்காவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் வருகிறது.

மாதம் ஒரு முறை மனையைப் பார்க்கப் போகிறார். போனவுடன் நான்கு கல்லையும் எண்ணுவார். வடகிழக்குக் கல்லில் ஆடு கட்டியிருக்கும். அவிழ்க்கச் சொன்னால் ஆட்டுக்காரம்மா, "அய்யா, ஆடு இழுத்துக் கல்லு நகர்ந்ததுன்னு சொல்றீங்க. நீங்க வீடு கட்டுறப்ப சொல்லுங்க, அவுத்துடுறேன்" என்பாள். இந்த உலகத்தில் அவர் பதில் சொல்லாமல் திரும்பும் ஒரே ஆள் அவள்தான்.

விற்கவும் அவர் தயார். எவ்வளவு என்றால், பக்கத்தில் வரப்போகும் பஸ் ஸ்டாண்டு, வந்தாலும் வரக்கூடிய மெட்ரோ எல்லாவற்றையும் சேர்த்து ஒரு விலை சொல்வார். உங்களுக்கு ஆசை வந்தால் ஒரு விஷயம். மனையாக முன்பே பதிவானது என்பதால் உங்கள் பெயருக்குப் பத்திரம் பதிய முடியும். ஆனால் வரன்முறை உத்தரவு இல்லாமல் கட்டட அனுமதி கிடைக்காது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்த உத்தரவின் நகலைக் கேளுங்கள். கோபப்படுவார். பரவாயில்லை, கேளுங்கள்.