புரோட்டோகால் படும் பாடு

கேள்வி: சிஸ்டமேட்டிக் ரிவ்யூ (ஒரு கேள்விக்கான ஆய்வுகளையெல்லாம் முறையாகத் தேடித் தொகுப்பது) செய்கிறேன். புரோட்டோகாலைப் பதிந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்கிறார் மேற்பார்வையாளர். கட்டுரைகளைப் படித்துவிட்டு எழுதினால் என்ன?
- ஆய்வு மாணவி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: உங்களுக்குப் பிடித்த முடிவைச் சொல்லும் கட்டுரைகளே எப்படியோ 'தகுதி' பெற்றுவிடும். வேண்டுமென்று செய்வீர்கள் என்று சொல்லவில்லை. கண் தானாக அந்தப் பக்கம் போகும். என்ன கேள்வி, எங்கே தேடல், எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பதை முன்பே எழுதி வைத்தால் கண்ணுக்குக் கடிவாளம். அந்தத் திட்டம்தான் புரோட்டோகால்.

கேள்வி: எங்கே பதிவது? எத்தனை ரிங்கிட்?
- வாசகர், கிள்ளான்

பதில்: ஒரு சென்னும் இல்லை. (சந்தேகப்படாதீர்கள், உண்மையாகவே இலவசம்!) இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகம் 2011இல் தொடங்கிய புரோஸ்பெரோ என்ற இணையப் பதிவேட்டில் பதியலாம். தலைப்பு உடல்நலம் சார்ந்ததாக இருக்க வேண்டும். தரவு எடுக்கத் தொடங்குவதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். ஒரு துறையில் என்னென்ன ஆய்வுகள் உள்ளன என்று பரப்பை மட்டும் அளக்கும் ஸ்கோப்பிங் ரிவ்யூவை அங்கே ஏற்கமாட்டார்கள், அதற்கு ஓ.எஸ்.எஃப். தளம் இருக்கிறது.

கேள்வி: பதிவு எண் கிடைத்தால் ஆய்வு தரமானது என்று அர்த்தமா?

பதில்: கல்யாணத்தைப் பதிகிற அதிகாரி குடும்பம் நன்றாக நடக்கும் என்று உறுதி தருகிறாரா?

கேள்வி: பாதியில் திட்டத்தை மாற்றினால்?

பதில்: தாராளமாக. தேதியோடு, காரணத்தோடு மாற்றுங்கள். பழைய பதிப்பும் பதிவேட்டிலேயே இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: முன்கூட்டியே விதி வகுப்பதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம். நம் ஊரில் எவன் செய்தான்?
- வாசகர், செந்தூல்

பதில்: செய்தவர் வெள்ளைக்காரர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடம் கோலாலம்பூர், ஜெயித்தது நம் புழுங்கலரிசி! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆளைக் கொன்றுகொண்டிருந்தது. தீட்டிய சயாம் அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு அதிகம்; புழுங்கலரிசிச் சோறு தின்ற தமிழர்களுக்கு அபூர்வம். அங்கே பணியாற்றிய டாக்டர் பிராடன் அரிசியைச் சந்தேகித்தார். 1905 இறுதியில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநல விடுதியில் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணி, ஒற்றைப்படைக்காரர்களை ஒரு வார்டிலும் இரட்டைப்படைக்காரர்களை இன்னொரு வார்டிலும் விட்டார். ஒரு வார்டுக்குத் தீட்டிய அரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. யாருக்கு எந்த அரிசி என்பதைத் தீர்மானித்தது டாக்டரின் விருப்பம் அல்ல, நோயாளி நின்ற இடம்; அதாவது, முன்பே வகுத்த விதி. பெரிபெரி தாக்கியது தீட்டிய அரிசிக்காரர்களை. முடிவு 1907இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பெரிபெரிக்குக் காரணம் வைட்டமின் குறைபாடு என்று இன்று தெரியும்; வைட்டமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. இன்று எந்த அறநெறிக் குழுவும் இப்படியொரு சோதனைக்கு அனுமதி தராது என்பது வேறு கதை.

கேள்வி: ரிவ்யூவில் தமிழ், மலாய்க் கட்டுரைகளை விட்டுவிடலாமா?

பதில்: விடலாம், காரணத்தைப் புரோட்டோகாலிலேயே எழுதினால். 'எனக்குப் படிக்க வராது' என்பதுதான் காரணம் என்றால் அதையே எழுதுங்கள்.