ஓரகத்திகளும் ஒரு டைட்டிலும்

எடிட்டிங் கூலியை மிச்சம் பிடித்துவிடலாம் என்று நினைக்கிற குடும்பத் தலைவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அந்தச் சங்கத்தில் நான் ஆயுள் உறுப்பினர். திருக்கடையூரில் மாமனாரின் அறுபதாம் கல்யாணம். வீடியோக்காரரிடம், "எடுத்து மட்டும் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றேன். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அதற்கு முன் நான் பார்த்துக்கொண்டது மிக்ஸி.

வெட்டி ஒட்டுவதற்கு பிரீமியர் ப்ரோ. எழுத்தை ஆடவைக்க ஆஃப்டர் எஃபெக்ட்ஸ். இரண்டும் அடோபி வீட்டில்தான் குடியிருக்கின்றன. ஆனால் இரண்டுமே வாக்கப்பட்டு வந்தவை. மூத்தவள் பிரீமியர், சூப்பர்மேக் என்ற நிறுவனத்தில் உருவாகி, கைமாறி 1991-இல் இந்த வீட்டுப் பெயரோடு வெளிவந்தாள். இளையவள் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், அமெரிக்காவின் பிராவிடென்ஸ் நகரில் கோசா என்ற சின்ன நிறுவனத்தில் 1993-இல் பிறந்து, ஆல்டஸ் கைக்குப் போய், ஆல்டஸையே 1994-இல் அடோபி வாங்கியபோது சீர்வரிசையோடு வந்து சேர்ந்தாள். ஓரகத்திகள். ஒரே கூரை, தனித்தனி அடுப்பு.

இருவருக்கும் நடுவே வைத்த ஜன்னலுக்கு டைனமிக் லிங்க் என்று பெயர். இங்கிருக்கும் கிளிப்பை ஒரே கட்டளையில் அங்கே காம்போசிஷன் ஆக்கலாம். அங்கே செய்கிற அலங்காரம் ரெண்டர் செய்யாமலே இங்கே தெரியும். அதற்கு ராம் தாராளமாக வேண்டும். என் லேப்டாப்பில் 8 ஜிபி. ஒருத்தி வாய் திறந்தால் மற்றவள் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டிய நிலை. போதாததற்கு, வெள்ளிக்கிழமையானால் டெஸ்க்டாப்பையும் பெருக்கித் துடைக்கிற பழக்கம் என் மனைவிக்கு. ஃபோல்டர் இடம் மாறியதும், மாமனார் மாலை மாற்றும் இடத்தில் சிவப்புத் திரை: மீடியா ஆஃப்லைன், அதுவும் பல மொழிகளில். உலகத்துக்கே சொல்லிவிட்டார்கள்.

சரி, ஜன்னலே வேண்டாம், ரெண்டர் செய்தே அனுப்பலாம் என்றால் எம்பி4 கோப்பில் வழக்கமாக இருக்கும் எச்.264-க்கு ஆல்ஃபா கிடையாது. அதாவது, பின்புறம் ஊடுருவித் தெரியாது. மாமனாரின் பெயர் கறுப்புப் பலகையோடு வந்து அவர் முகத்தையே மறைத்தது. புரோரெஸ் 4444 ஊடுருவவிடும். ஆனால் முழு எச்டியில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 ஜிபி வரை விழுங்கும். தன் பெயர் இத்தனை கனம் என்று தெரிந்தால் அவர் இன்னொரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிடுவார், ஆகவே சொல்லவில்லை.

அடுத்தது தமிழ். மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான தேர்வை இயக்காவிட்டால் எழுத்து குலைந்துபோகும். 'பேரன் பேத்திகள்' என்று அடித்தால் இரட்டைக் கொம்பு கோபித்துக்கொண்டு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. பத்திரிகை அடித்த கடையிலிருந்து வாங்கிய கோப்போ பாமினி எழுத்துரு. அது இல்லாத கணினியில் 'அம்மா' கூட ஆங்கில எழுத்துகளாக மாறி, நடுவே ஓர் அரைப்புள்ளியோடு நிற்பாள்.

கடைசியில் கைகொடுத்தது 2017-இல் வந்த மோஷன் கிராபிக்ஸ் டெம்ப்ளேட். இளையவள் டைட்டிலை ஜோடித்து, எதையெல்லாம் மாற்றலாம் என்று மட்டும் திறந்துவிட்டு, பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பாள். மூத்தவள் வீட்டில் பிரித்து, பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதிகாரம் செலுத்த இதைவிட நல்ல ஏற்பாடு ஒரு கணவனுக்குக் கிடைக்காது. எழுத்துரு, நிறம், வேகம் எல்லாவற்றையும் பூட்டிவைத்தேன். பெயர் அடிக்கிற கட்டத்தை மட்டும் மனைவிக்கு விட்டுக்கொடுத்தேன்.

அந்த ஒரு கட்டம் வழியாக அவள் பிறந்த வீடு மொத்தமும் ஏறியது. பெரியப்பா, அத்தை, அத்தையின் சம்பந்தி, பந்தியில் ரசம் ஊற்றிய தம்பி. என் பக்கத்தில் 'மற்றும் பலர்'.

படத்தொகுப்பு என்று எனக்காகவே வைத்திருந்த டைட்டிலும் அதே டெம்ப்ளேட்டில் செய்ததுதான். அங்கே வீடியோக்காரர் பெயர் இருந்தது.

"என்னம்மா இது?"

"நாளைக்கு யாராவது பாத்துட்டு, யாரு பண்ணினதுன்னு கேப்பாங்கல்ல. நம்ம பேரு எதுக்குங்க அதுல?"