ஒன்று விழுந்தால் தாயம்

இருபது முகப் பகடையை முதன்முதலாக எங்கள் வீட்டுத் திண்ணையில் உருட்டியபோது, ஆயா வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "என்னடா இது, நாவப்பழத்துக்கு நம்பர் போட்டாப்புல?"

விளக்கினேன். 20 விழுந்தால் அமோகம். 1 விழுந்தால் சர்வநாசம். ஓங்கிய வாள் கைநழுவித் தன் காலிலேயே விழும்.

ஆயாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒண்ணு விழுந்தா தாயம்டா! தாயம் போடாம எவன் உள்ள எறங்க முடியும்? அதப் போயி கெட்டதுன்னு எந்த மடையன் சொன்னான்?"

அமெரிக்காவை நடுவில் இழுக்க வேண்டாமென்று விட்டுவிட்டேன். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து 1974-இல் கொண்டுவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வழிவந்த ஆட்டம் இது. கைகாக்ஸின் ஊர் விஸ்கான்சினில் உள்ள லேக் ஜெனீவா. அதுவும் ஏரிக்கரை ஊர்தான் என்பதால் வீராணத்துக்காரனான எனக்கு அவர்மேல் ஒரு பங்காளிப் பாசம்.

ஒருவர் காட்சியைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருந்துகொண்டு, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்பவரை என்னவென்று அழைப்பது? "நான்தான் ஆட்ட நடத்துநர்" என்றேன். "எந்த டிப்போ?" என்று கேட்டான் உரக்கடை மச்சான். அன்றிலிருந்து கட்டியக்காரன் ஆகிவிட்டேன். தெருக்கூத்தில் ராஜாவை அறிமுகப்படுத்தி, கதையை நகர்த்தி, நடுவில் கிண்டலும் செய்யும் அதே வேலைதானே.

இந்த ஆட்டத்தோடு ஒட்டிய இன்னொரு கிறுக்கு, விரல் உயரப் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுவது. அசல் பொம்மைகளின் விலையைப் பார்த்துவிட்டுப் பரண்மேல் ஏறினேன். கடலூர் வண்டிப்பாளையத்தில் வாங்கிய அம்மாவின் கொலு பொம்மைகள் டிரங்குப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தன. கல்யாண செட்டில் இருந்த தவில்காரர் முகத்தில் பச்சை அடித்து வேதாளமாக்கினேன். நவராத்திரி வரை விஷயம் வெளியே தெரியவில்லை. சுண்டல் வாங்க வந்த மாமி ஒருவர், "தவில்காரருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டபோது, என்னைப் பார்த்தபடியே அம்மா சொன்னாள்: "பித்தம்."

ஆட்டத்துக்கு வருவோம். முதல் கதை: ராத்திரியோடு ராத்திரியாக ஏரி வற்றிவிட்டது, குடித்த அரக்கன் யார்? குரலைத் தாழ்த்தி, மெழுகுவர்த்தியெல்லாம் ஏற்றிவைத்துத்தான் கேட்டேன். "மெட்ராஸுக்குப் போயிருக்கும்" என்றான் மச்சான். கதை முடிந்தது. 2004 முதல் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் தண்ணீர் அனுப்பும் ஊரில் அரக்கனுக்கு வேலை இல்லை.

சரி, ஊருக்கே உரிய கதையை எடுப்போம் என்று ஆதித்த கரிகாலன் கொலைக்கு வந்தேன். 1950-இல் கல்கி 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கியபோது வந்தியத்தேவனைக் குதிரையேற்றி விட்டதே எங்கள் ஏரிக்கரையில்தான். கொலை நடப்பதாக அவர் எழுதிய கடம்பூர் மாளிகையும் பக்கத்து ஊர். மூன்று வாரம் உட்கார்ந்து சுரங்கப்பாதைக்கு வரைபடம், பன்னிரண்டு தடயம், இருட்டில் ஒரு வேதாளம் என்று தயார் செய்தேன்.

"இளவரசரைக் கொன்றது யார்?" என்றேன்.

பத்திர எழுத்தர் மாமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அதான் அனந்தீசுவரன் கோயில் செவுத்துலயே இருக்கே மாப்ள. சோமன், ரவிதாசன், பரமேசுவரன். அண்ணன் தம்பிங்க."

மூன்று வாரம், ஒரே வாக்கியத்தில். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. உடையார்குடிக் கல்வெட்டு என்று வரலாற்றுக்காரர்கள் கொண்டாடுவது எங்களுக்குக் கோயில் சுவர். ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கொலைகாரர்களின் பெயர்கூட அதில் சொத்து விவகாரத்துக்காகத்தான் வருகிறது. துரோகிகள், அவர்களுடைய உறவினர்கள் ஆகியோரின் நிலத்தை விற்ற கணக்கு அது. துப்பறியும் கதை என்று நான் நினைத்தது, மாமாவுக்கு அவர் தினமும் எழுதும் கிரயப் பத்திரம்.

"கொல கெடக்கட்டும். நெலத்துக்கு நாலெல்லை சொல்லு" என்றார்.

மணி பதினொன்று வரை வாய்க்கால் வடக்கா, வரப்பு கிழக்கா என்று போனது. பொறுக்க முடியாமல் பச்சைத் தவில்காரரைத் தூக்கி நடுவில் வைத்தேன். "சுரங்கத்திலிருந்து வேதாளம் பாய்கிறது!"

மாமா அசையவில்லை. தவில்காரரை நேராகப் பார்த்துக் கேட்டார்: "நீ இந்த எடத்துல எத்தன வருஷமா அனுபவத்துல இருக்க?"

"ஆயிரம் வருஷமா" என்றது வேதாளம், என் வாயால்.

"பன்னெண்டு வருஷம் தாண்டினாலே கோர்ட்ல உரிமை கேக்கலாம்டா பைத்தியக்காரா. எதுக்கு அடிதடி? பேசி முடிப்போம்."

விதிப்படி, பேச்சு எடுபட்டதா என்று பகடை உருட்ட வேண்டும். உருட்டினார். நாவல்பழம் திண்ணை விளிம்பு வரை ஓடிப்போய் நின்றது. ஒன்று.

வேதாளம் மாமாவின் குரல்வளையைக் கடித்திருக்க வேண்டிய நேரம். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் துள்ளி எழுந்து, "தாயம்!" என்று கத்தினான். உள்ளேயிருந்து ஆயா குரல் கொடுத்தாள்: "இன்னொரு தடவ போடச் சொல்லு, தாயத்துக்கு மறு ஆட்டம் உண்டு!"

வேதாளம் கைநாட்டு வைத்தது. பத்திரச் செலவு யாருடையது என்பதில்தான் இன்னும் இழுபறி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்றிருக்கிறார் மாமா.