மலர் ஐயா வருகிறார்

தை பிறந்து பத்து நாள் ஆனதும் காவிரிக்கரை ஊர்களின் கடைத்தெருவில் சில முதலாளிகள் திடீரென்று எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார்கள். வருமான வரிக்காரர்கள் வருவதாக நினைக்க வேண்டாம். மஞ்சள் பைக்குள் ரசீதுப் புத்தகமும் போன வருடத்து ஆண்டு மலரும், சட்டைப் பையில் சிவப்பும் நீலமுமாக இரண்டு பேனாவும் வைத்துக்கொண்டு ஒருவர் தெருமுனையில் திரும்பியிருப்பார். அவர்தான் மலர் ஐயா.

கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம், திருவையாறு என்று எந்த ஊரின் பழைய பள்ளிக்குப் போனாலும் இவர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் தமிழாசிரியர். ஆசிரியர் கூட்டத்தில் விளையாட்டு விழா பி.டி. சாருக்கு, மேடை டிராயிங் சாருக்கு, சாப்பாடு கணக்கு சாருக்கு என்று பங்கு பிரித்து முடிந்தபோது மலர் மட்டும் மிஞ்சிக் கிடந்தது. “மலருன்னா தமிழ்தானே, ஐயா பாத்துக்குவாங்க” என்றார் யாரோ. இலக்கியம் என்று நினைத்து ஐயா தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு மூன்று தலைமையாசிரியர்கள் மாறிவிட்டார்கள். ஐயா மாறவில்லை.

பட்ஜெட் விஷயத்தில் தாளாளர் தெளிவானவர். “சிறப்பாச் செய்ங்க ஐயா. செலவு மட்டும் ஆகக் கூடாது.”

ஆக, விளம்பரம்தான் வழி. மற்ற ஊர்களில் விளம்பரம் திரட்டுகிறவர்கள் சந்தை நிலவரம் பார்ப்பார்கள். இவர் மேட்டூரைப் பார்ப்பார். ஜூன் 12 அன்று அணை திறந்தால் குறுவை உண்டு, உரக்கடையில் கூட்டம் உண்டு, அரைப் பக்கம் உறுதி. 2022இல் மே 24ஆம் தேதியே தண்ணீர் திறந்துவிட்டார்கள். அன்றைக்கே ஐயா மனத்துக்குள் அட்டைக்கு லேமினேஷன் போட்டுவிட்டார். 2024இல் ஜூலை 28 வரை மதகு திறக்கவில்லை. அந்த வருடம் விதைக்கடையின் முழுப் பக்கம் அரைப் பக்கமாகி, அப்புறம் கால் பக்கமாகி, கடைசியில் “நல்வாழ்த்துகளுடன், ஒரு நலம்விரும்பி” என்ற ஒற்றை வரியாக வற்றிப்போனது. சம்பா அறுவடையில் இன்னொரு கண்டம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் நெல்லை எடுப்பார்கள். தையில் மழை பெய்தால் விவசாயிகள் தளர்வு கேட்டுப் போராடுவார்கள். ஐயாவும் மானசீகமாக அந்தப் போராட்டத்தில் இருப்பார். டெல்லியில் ஈரப்பதத் தளர்வுக்குக் கையெழுத்து விழுந்த மறுநாள்தான் இங்கே மஞ்சள் பை ஆணியிலிருந்து இறங்கும்.

கடைக்குள் நுழையும்போது அவர் நேராக விஷயத்துக்கு வருவதில்லை. நடவு ஆள் கூலி, மகளுக்குப் பார்த்த வரன், முழங்கால் வலி எல்லாம் விசாரித்து, டீ வந்த பிறகுதான் பை திறக்கும்.

“போன வருஷம்தானே ஐயா குடுத்தோம்?”

“ஆமாங்க மொதலாளி. வருஷத்துக்கு ஒரு தடவைதாங்க ஆண்டு மலர்.”

இதற்கும் அசையாதவரிடம்தான் ராஜராஜனை இறக்குவார். “பெரிய கோயிலக் கட்டி முடிச்சிட்டு அவரு என்ன செஞ்சாரு தெரியுங்களா? தான் குடுத்தது, அக்கா குடுத்தது, ராணிமாரு குடுத்தது, மத்தவங்க குடுத்தது எல்லாத்தையும் கல்லுல வெட்டச் சொன்னாரு. ஆயிரம் வருஷமா அப்படியே நிக்குது. நான் கல்லு கேக்கலீங்க. கால் பக்கம்தான் கேக்குறேன்.”

“கல்லுன்னா குடுத்துருவேன் ஐயா. தாளுதானே, செல்லரிச்சிரும்.”

ஐயா சிரித்துக்கொண்டே ரசீது எழுத ஆரம்பித்துவிடுவார். முதலாளி ஒரு வார்த்தை பேசிவிட்டால் பாதிப் பணம் வந்த மாதிரி என்பது அவர் கண்ட உண்மை. பேசாதவர்கள்தான் ஆபத்து. பெரிய நகைக்கடையின் மேலாளர்கள் பேச மாட்டார்கள். “சென்னை ஆபீசுக்கு மெயில் போடுங்க சார்” என்பார்கள். அந்த மெயிலுக்குப் பதில் வந்ததாகச் சரித்திரம் இல்லை. உரக்கடைக்காரர் கொடுப்பார், ஆனால் ஏடிடி 43, ஏடிடி 45, சி.ஆர். 1009 என்று கையிருப்பில் உள்ள விதைநெல் முழுவதையும் கால் பக்கத்துக்குள் அடைக்கச் சொல்வார். டியூஷன் சென்டர்காரர் கேட்காமலே முழுப் பக்கம் தர முன்வருவார். ‘பள்ளியில் புரியாததெல்லாம் இங்கே புரியும்’ என்று அதில் போடலாமா கூடாதா என்று ஐயா இரண்டு நாள் தூங்காமல் யோசித்து, போட்டுவிட்டார். பின் அட்டை வாங்க ஆள் கிடைக்காத வருடம் அது.

பணம் வரும் தையில்தான் அச்சகத்துக்கும் முகூர்த்த நாட்கள். கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவில் அச்சக உரிமையாளர் தலையை மட்டும் நீட்டி, “வர்ற முகூர்த்தம் போகட்டும் ஐயா” என்பார். பொதுத்தேர்வுக்கு முன்பே ஆண்டு விழா. அதற்குள் மலர் வேண்டும். இந்த நெருக்கடியில் ஐயாவுக்கு ஒரு கலை கைவந்துவிட்டது. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

புத்தகம் பக்கம் பக்கமாக அச்சாவதில்லை. பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். ஒரு பெரிய தாளின் இந்தப் புறம் எட்டுப் பக்கம், அந்தப் புறம் எட்டுப் பக்கம். கலருக்கு நான்கு பிளேட், கறுப்புக்கு ஒரே பிளேட். ஆகவே முதல் ஃபாரத்தில் தாளின் ஒரு புறத்தை மட்டும் கலராக அடித்தால் கலர் செலவு பாதியாகும். ஆனால் அந்தப் புறத்தில் விழுகிற பக்கங்கள் வரிசையாக இருக்காது. தாளை மடித்துப் பார்த்தால் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 என்று வரும். ஐயா திருக்குறளை மறந்தாலும் மறப்பார், இந்த எட்டு எண்ணை மறக்க மாட்டார். பள்ளியின் அதிகார அடுக்கு முழுவதையும் இந்த எண்களுக்குள் உட்கார வைப்பதுதான் அவர் சாமர்த்தியம். ஒன்றாம் பக்கம் தாளாளர். இரண்டிலும் மூன்றிலும் தலைமையாசிரியரைப் போட்டால் கறுப்பு வெள்ளையில் வருவார். விழா மேடையில் முகம் கொடுத்துப் பேச மாட்டார். எனவே அவருக்கு நான்கு. இரண்டும் மூன்றும் பள்ளி நிறுவனர்களுக்கு. அவர்கள் காலமாகி எண்பது வருடம் ஆயிற்று, இருப்பதே கறுப்பு வெள்ளைப் படம்தான், மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று. ‘நிறுவனர்களை முன்னால் வைத்த பண்பாடு’ என்று விழாவில் பாராட்டு வேறு கிடைக்கும்.

அறுபத்து நான்கு பக்கம், நான்கு ஃபாரம் என்று கணக்கு முடித்த பிறகு அறுபத்தைந்தாவது பக்கம் ஒன்று வந்து நிற்கும். செயலரின் மைத்துனர் படம் விட்டுப்போயிருக்கும். ஒரு பக்கம்தானே என்பார்கள். ஒரு பக்கம் மட்டும் சேர்க்க முடியாது, குறைந்தது நான்கு வேண்டும் என்பதை விளக்குவதைவிட, மைத்துனரை உள்ளே விட்டு வேறொன்றை வெளியேற்றுவது சுலபம். வெளியேறுவது எப்போதும் ஐயாவின் சொந்தக் கவிதை. அது எந்த இடத்துக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டது. அரைப் பக்கம் காலியென்றால் பதினாறு வரி, கால் பக்கமென்றால் எட்டு வரி. ஒரு வருடம் நான்கு வரி இடம் கிடைத்தது. அதிலும் கடைசி நிமிடத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூல் வந்துவிட்டது.

பேரம் பேச அச்சகத்துக்குப் போகும்போது அவர் கையில் தரங்கம்பாடி இருக்கும். “சீகன்பால்கு பாதிரியாருக்கு ஜெர்மனியிலேருந்து தமிழ் எழுத்து வந்துச்சு. பெருசா இருந்து தாளத் தின்னுச்சு. பாலாடைக்கட்டி டப்பாவோட ஈய மூடிய உருக்கி, சின்ன எழுத்தா வார்த்து, 1715ல புதிய ஏற்பாட்டையே அடிச்சு முடிச்சுட்டாங்க. பொறையாத்துல சொந்தமா காகித ஆலையே வச்சாங்க. நீங்க என்னடான்னா எழுவது ஜி.எஸ்.எம். தாளுக்கு இந்த வெல சொல்றீங்க.”

“1715ல ஜி.எஸ்.டி. கெடையாதுங்க ஐயா.”

உள்ளடக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், கொஞ்சம்தான். முன்பக்கங்களில் பன்னிரண்டு வாழ்த்துச் செய்திகள். பெரியவர்களுக்கு எழுத நேரமில்லாததால் எல்லாவற்றையும் ஐயாவே எழுதி, கையெழுத்து மட்டும் வாங்கி வருவார். தன்னுடைய மலரைத் தானே பன்னிரண்டு குரலில் மெச்சிக்கொள்ளும் வாய்ப்பு எத்தனை எழுத்தாளனுக்குக் கிடைக்கும்? ஒருமுறை ஒரு பிரமுகர், தன் பேரில் இவர் எழுதிய வாழ்த்தைப் படித்துவிட்டு, “பாராட்டு கொஞ்சம் தூக்கலா இருக்கு, கொறைங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்தது மாணவர் படைப்புகள். தண்ணீர் சேமிப்பு ஒன்று, கும்பகோணம் பக்கமென்றால் இராமானுஜன் ஒன்று, பெரிய கோயில் இரண்டு. பெரிய கோயில் கட்டுரையில் கோபுர நிழல் தரையில் விழாது என்ற வரி இருந்தே தீரும். விழும். சுற்றுலா கூட்டிப் போனபோது அந்த நிழலில்தான் பிள்ளைகளை உட்கார வைத்துப் புளியோதரைப் பொட்டலம் பிரித்தார் ஐயா. ஆனால் கட்டுரை எழுதிய பெண் உள் அட்டை விளம்பரதாரரின் மகள். நிழல் அந்த வருடமும் விழவில்லை.

புரூஃப் திருத்தும் காலத்தில் ஐயாவின் வீட்டில் யாரும் அவருடன் பேச மாட்டார்கள். செல்போனில் தட்டச்சிட்டுக் கொடுத்த கட்டுரைகள் அச்சகத்தின் பழைய மென்பொருளுக்குள் போனதும் ‘கொ’ எல்லாம் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகப் பிரிந்து கிடக்கும். ஒட்ட வைத்து நிமிர்வதற்குள் ‘மாணவர் நலன் கருதி’ என்பது ‘மாணவர் நலன் கருகி’ ஆகியிருக்கும். எழுத்துப் பிழையாவது பரவாயில்லை. ஒரு தடவை டிசைன் செய்த பையன், இடம் அழகாக வரவில்லையென்று ஊழியர் குழுப் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டுவிட்டான். கீழே ‘இடமிருந்து வலம்’ பெயர்கள் அப்படியே இருந்தன. இரவுக் காவலர் இயற்பியல் முதுகலை ஆசிரியரானார். ஊரில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. காவலரின் மனைவி மட்டும் பத்துப் பிரதி வாங்கினாராம்.

அந்தப் பத்துப் பிரதியில்தான் விற்பனை ரகசியம் இருக்கிறது. பிளேட் போட்டு இயந்திரத்தைத் தயார் செய்யும் செலவு ஒரு பிரதி அடித்தாலும் ஒன்றுதான், ஆயிரம் பிரதி அடித்தாலும் ஒன்றுதான். கூட அடித்தால் பிரதி விலை இறங்கும். ஆனால் அடித்ததை யார் வாங்குவார்கள்? ஐயா எல்லா உத்தியும் செய்து பார்த்தார். காலைக் கூட்டத்தில் அறிவித்தார். டீக்கடையில் போஸ்டர் ஒட்டினார். பழைய மாணவர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டார். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன, கையில் எதுவும் வரவில்லை. வெளியீட்டு விழாவில் முதல் பிரதியை அரிசி ஆலைக்காரர் நல்ல விலை கொடுத்துப் பெற்றுக்கொண்டார். இரண்டாம் பிரதியை யாரும் கேட்கவில்லை. அப்புறம்தான் ஒரு முடிவுக்கு வந்தார்: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் வகுப்புவாரியாக உள்ளே வரும், வகுப்புப் படத்துடன். அந்த வருடமே மலர் தீர்ந்துபோனது. ஒரே ஒரு பெயர் விடுபட்டதற்கு ஓர் அம்மா பள்ளி வாசலில் வந்து நின்றதைத்தான் ஐயா தன் வாழ்நாளின் சிறந்த மதிப்புரை என்கிறார்.

சொந்த அபிப்பிராயம் கேட்டால், அவர் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். பழைய பள்ளி மலர் எதையாவது எடுத்துப் பாருங்கள். வாழ்த்துரையை யாரும் படிப்பதில்லை, தண்ணீர் சேமிப்பையும் படிப்பதில்லை. பெயர்ப் பட்டியலில் விரல் நிற்கும். அப்புறம் விளம்பரங்களில். மூன்றிலக்கத் தொலைபேசி எண் வைத்திருந்த ஜவுளிக்கடை, மூடிப்போன சினிமாக் கொட்டகை, இப்போது மண்டபமாகிவிட்ட நெல் ஆலை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பெரிய கோயில் சுவரில் நானூறு ஆடற்பெண்டிரின் பெயரை, யாருக்கு எந்த வீடு என்பதோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் இருக்கும் வெற்றிகளைவிட அந்தப் பட்டியல்தான் அன்றைய தஞ்சாவூரை எனக்குக் காட்டுகிறது. ஐயாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். “தெரியுமே. ஆனா அதச் சொன்னா யாரும் வெளம்பரம் குடுக்க மாட்டாங்க” என்றார்.

அவருக்கு ஆறுதல் உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, கையொப்பக்காரர்களைப் பிடித்துப் பணம் சேர்த்து, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியவர். வசூல் கசந்த நாட்களில் ஐயா பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து அவரை நினைத்துக்கொள்வார். அவர் கையில் சிந்தாமணி, தன் கையில் ‘எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா’, ஏழாம் வகுப்பு ஆ பிரிவு. நடை என்னவோ இரண்டு பேருக்கும் ஒரே நடைதான்.

எனவே டெல்டாவில் கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தையிலும் வருவார். கால் பக்கமாவது கொடுங்கள். கொடுப்பதை முதல் நடையிலேயே கொடுங்கள். “போன வருஷத்ததையே போடுங்க” என்று சொல்வதானால், மாறிய செல்போன் எண்ணையாவது சொல்லி அனுப்புங்கள். வாட்ஸாப்பில் படம் அனுப்பினால் படமாக அனுப்பாதீர்கள், டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் உங்கள் முகம் அச்சில் தெளியாது. ரசீதை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். நான்காம் பக்கத்தை மட்டும் கேட்காதீர்கள். அது தலைமையாசிரியருக்கு.