வரட்டுமுங்க

முட்டை வியாபாரத்தில் காத்திருத்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவான என்இசிசி இன்றைக்கு நாமக்கல் மண்டலத்துக்கு என்ன விலை சொல்கிறது, நாளைக்கு ஐந்து காசு ஏறுமா இறங்குமா, கேரளாவுக்கு லோடை ராத்திரியே அனுப்புவதா கூடாதா என்பதையெல்லாம் டீ ஆறுவதற்குள் முடிவு செய்கிறவர்தான் கடையைத் திறந்து வைத்திருக்க முடியும். எங்கள் அண்ணன் அதில் கெட்டிக்காரர். ஒரு லாரி முட்டையை அரை நிமிடப் போன் பேச்சில் விற்றுவிடுவார். கேமரா விஷயத்தில் மட்டும் 2006-லிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இவர் ஒருத்தர்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர்களில் ஒருத்தர் இப்படி உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளிகளில் ஒருத்தர், ராசிபுரத்தில் பாங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர்களில் ஒருத்தர் என்று ஊருக்கு ஒருத்தராவது தேறுவார்கள். அடையாளம் சுலபம். கேமராவைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும், கையில் கேமரா இருக்காது. ஏன் என்று கேட்டால் "வரட்டுமுங்க" என்பார்கள். வர வேண்டியது, சட்டைப்பையில் அடங்குகிற, ஆனால் உள்ளே பெரிய சென்சார் வைத்த ஒரு சின்னக் கேமரா.

ஆசை நியாயமானதுதான். 2006-ல் பைக்குள் போகிற கேமராக்களில் இருந்த சென்சார் ஏறக்குறைய 6 மில்லிமீட்டருக்கு 4 மில்லிமீட்டர். தோளில் தொங்கவிடுகிற எஸ்எல்ஆர் கேமராக்களில் பலவற்றில் இருந்த ஏபிஎஸ்-சி சென்சாரோ கிட்டத்தட்ட 24-க்கு 16. பரப்பில் 15, 16 மடங்கு. வெளிச்சம் விழுகிற இடம் பெரிதாக இருந்தால் மங்கலான நேரத்திலும் படம் புள்ளி புள்ளியாகப் பொரியாது. ஆனால் சென்சார் பெரிதானால் அதன் மூலை வரைக்கும் வெளிச்சத்தைப் பரப்புகிற லென்ஸும் பெரிதாக வேண்டும். அதைப் பையில் போடுகிற உடம்புக்குள் அடக்குவது, பன்னிரண்டு சக்கர லாரியின் இன்ஜினை டிவிஎஸ் 50-ல் ஏற்றுகிற வேலை. லாரிக்கு பாடி கட்டியே பேர் வாங்கிய ஊரில் பிறந்த அண்ணனுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. புரிந்துகொண்டேதான் கேட்கிறார். சென்சார் பெரிதாக இருக்க வேண்டும், ஜூம் வேண்டும், வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விடுகிற எஃப் 1.8 லென்ஸ் வேண்டும், பிளாஷ் வேண்டும், கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் வேண்டும், ஐம்பதாயிரத்துக்குள் வேண்டும்.

அந்த 2006 செப்டம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரத்து போட்டோகினா கண்காட்சியில் சிக்மா கம்பெனி டிபி1 என்ற கேமராவை அறிவித்தது. 20.7-க்கு 13.8 மில்லிமீட்டர் சென்சார், கைக்கு அடக்கமான உடம்பு. அண்ணன் பெரியவளின் சீருக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் கொஞ்சம் ஒதுக்கினார். கேமரா கடைக்கு வர 2008 ஆகிவிட்டது. வந்த பிறகு பார்த்தால் லென்ஸ் எஃப் 4.

"எஃப் நாலை வெச்சுக்கிட்டுச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல என்னத்தைங்க எடுக்கறது?"

ஆறு மணிக்கு முன்னால் அவர் என்ன எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

2012-ல் சோனி ஆர்எக்ஸ்100 வந்தது. ஒரு இன்ச் சென்சார் என்றார்கள். அண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்தார். 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர். மூலைக்கு மூலை அளந்தாலும் 16-ஐத் தாண்டாது. ஒரு இன்ச் என்பது 25.4. பழைய டிவி கேமராக்களுக்குள் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து வந்த பேர் அது என்று படித்துத் தெரிந்துகொண்டதும் அவருக்குக் கோபம் வந்தது. எடைக்கல்லில் மோசடி செய்கிறவனைக் கண்ட கோபம். அது தணிவதற்குள் மார்க் 2 வந்தது, 3 வந்தது, அப்புறம் 4, 5. 2019-ல் மார்க் 7. ஒவ்வொன்றையும் "அடுத்ததுல சரி பண்ணிருவான்" என்று விட்டார். மார்க் 8 இன்றுவரை வரவில்லை. அவன் நிறுத்திவிட்டான் என்று பிறர் சொன்னால் அண்ணன் ஒத்துக்கொள்வதில்லை.

2013 ஒரு சோதனையான ஆண்டு. நிக்கான் கூல்பிக்ஸ் ஏ, ரிக்கோ ஜிஆர் இரண்டும் அடுத்தடுத்த மாதங்களில் அறிவிக்கப்பட்டன. இரண்டிலும் ஏபிஎஸ்-சி, இரண்டும் பைக்குள் போகும். இருபது வருடம் ஏங்கினவன் வீட்டுக்கு ஒரே முகூர்த்தத்தில் இரண்டு பெண் ஜாதகம் வந்த கதை. முதலாவதன் விலை 1,099 டாலர், இரண்டாவது 799. விலை குறைந்ததை வாங்கினால் குறைந்ததை வாங்கிவிட்டோமே என்று இருக்கும், கூடினதை வாங்கினால் ஏமாந்தோமே என்று இருக்கும். நிக்கான் விலை இறங்கியது. இன்னும் இறங்கட்டும் என்றார். இறங்கி இறங்கி ஒரு நாள் கடையிலேயே இல்லாமல் போனது.

அண்ணனின் வாழ்க்கையில் பொற்காலம் என்றால் 2016 பிப்ரவரிதான். நிக்கான் டிஎல் என்று ஒரே நாளில் மூன்று கேமராக்களை அறிவித்தது. சென்சார் அந்த ஒரு இன்ச்தான், ஆனாலும் அதில் ஒன்றைப் பார்த்துவிட்டு அண்ணன் முதல்முறையாக "இதை வாங்கிடலாமுங்க" என்று வாயால் சொன்னார். சொன்னது கடைப் பையன்களுக்கெல்லாம் தெரியும். ஜூனில் வர வேண்டியது தள்ளிப்போனது, உள்ளே இருக்கிற சில்லில் ஏதோ கோளாறு என்றார்கள். அறிவித்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 2017 பிப்ரவரியில், மூன்றையும் விற்கப் போவதில்லை என்று கம்பெனியே அறிவித்துவிட்டது. அண்ணன் வருத்தப்படுவார் என்று பார்த்தால் ஆளே மினுமினுத்தார். அவர் முடிவெடுத்த ஒரே கேமரா, உலகத்தில் ஒருத்தருக்கும் கிடைக்காத கேமரா. இதைவிடத் தரமான முடிவு வேறென்ன இருக்க முடியும்?

போட்டோகினாவையே 2020 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். 1950-லிருந்து நடந்த கண்காட்சி. அண்ணன் அன்றைக்குக் கடையை மத்தியானமே சாத்திவிட்டார் என்று பேச்சு. கொலோனுக்கு அவர் போனதில்லை. பாஸ்போர்ட்டுக்கும் நல்ல மாடலாக வரட்டும் என்று இருக்கிறார் போல.

இத்தனைக்கும் தையல்காரர் தயார். சட்டைப்பை சாதாரணமாக இருந்தால் மூன்றேகால் சென்டிமீட்டர் தடிமனுள்ள பொருள் உள்ளே போகாது. போனாலும் நெஞ்சில் கட்டி வந்தவர் மாதிரித் தெரியும். அதனால் அண்ணன் தைக்கக் கொடுக்கிற ஒவ்வொரு சட்டைக்கும் போலீஸ்காரர் சட்டையில் வைக்கிற மாதிரி மடிப்பு வைத்த பெரிய பை. கேமரா வராத பையில் முட்டை விலைத் துண்டுச் சீட்டும், மூக்குக்கண்ணாடியும், சில நாள் காகிதத்தில் மடித்த தட்டுவடை செட்டும் இருக்கும். சேலத்துக்காரன் கையால் செய்த செட்டு நசுங்காமல் வீடு வந்து சேர்வதற்கு இந்தப் பை போல வேறில்லை என்று அண்ணியே சொல்வார்.

எடுக்காத படங்களைப் பற்றி அவர் பேசக் கேட்க வேண்டும். மேட்டூர் அணை 120 அடி நிரம்பி, 16 கண் மதகில் தண்ணீர் நுரைத்துப் போகும்போது பாலத்தில் நின்று, "இந்த மேகத்துக்கு ஏபிஎஸ்-சி மட்டும் இருந்துருந்தா..." என்பார். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவிலும் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, இரண்டு கை விரல்களால் கட்டம் கட்டிப் பார்த்துவிட்டு ஏறிக்கொள்வார். பெரியவளின் கல்யாணம், சின்னவனின் கல்யாணம், பேரனுக்குக் காது குத்து எல்லாம் கூலிக்கு வந்த போட்டோக்காரர் எடுத்தவை. போட்டோக்காரர் பின்னாலேயே நின்று அண்ணன் ஷட்டர் வேகம் சொல்லிக்கொண்டிருப்பார். காது குத்தில் போட்டோக்காரப் பையன், "நீங்களே எடுங்களேன்" என்று கேமராவை நீட்டினான். அண்ணன் இரண்டடி பின்வாங்கி, "இது பைக்குள்ள போகாதுங்க தம்பி" என்றார்.

செல்போன் பேச்சை மட்டும் அவரிடம் எடுக்கக் கூடாது. மச்சான் மகன் ராத்திரியில் நாமக்கல் கோட்டையைச் செல்போனில் எடுத்துக் காட்டினான். பாறையில் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. அண்ணன் பெரிதாக்கிப் பார்த்தார், இன்னும் பெரிதாக்கினார், சதுரமாகப் பிசகிய ஒரு மூலையைக் கண்டுபிடித்த பிறகுதான் மூச்சு விட்டார். "இது எடுத்ததில்லை கண்ணு, கம்ப்யூட்டர் வரைஞ்சது." 2022-ல் ஷாவ்மி செல்போனிலேயே அந்த ஒரு இன்ச் சென்சார் வந்துவிட்டதே என்று பையன் சொன்னதற்கு, அது இன்ச்சே இல்லை என்ற பழைய வழக்கைத் திரும்ப எடுத்தார்.

அவருடைய அப்பாவிடம் ஒரு ஆக்ஃபா கிளிக் 3 இருந்தது. அதே பெட்டி இன்னும் பரணில் கிடக்கிறது. 6 சென்டிமீட்டருக்கு 6 சென்டிமீட்டர் படம், ஒரு சுருளுக்கு 12. பரப்பில் ஏபிஎஸ்-சி போல எட்டு மடங்குக்கு மேல். அந்த மனுஷன் மோகனூர்ப் பக்கம் கிணறு வெட்டினதையும், மாடு கன்று போட்டதையும், அண்ணன் அம்மணமாகக் காவிரியில் நின்றதையும் வெயிலில் நிற்கவைத்து எடுத்துத் தள்ளியிருக்கிறார். வெய்யில், மேகம் என்று இரண்டே குறி, அதற்கு மேல் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஆல்பத்தைப் புரட்டும்போது அண்ணன் சொல்வது ஒன்றுதான். "ஓரத்துல ஷார்ப்பு இல்லீங்க."

2024-ல் ஃபியூஜி எக்ஸ்100-VI வந்ததும் உலகம் முழுக்கப் பணத்தைக் கட்டிவிட்டு மாதக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அரை கிலோவுக்கு மேல் எடை, பையில் அடங்காது என்று அண்ணன் முதலிலேயே தள்ளிவிட்டார். ஆனாலும் அந்த வரிசை அவரைக் கடுப்பேற்றியது. காசு கொடுத்துக் காத்திருப்பதெல்லாம் ஒரு காத்திருப்பா? பதினெட்டு வருடம் சல்லிக்காசு கொடுக்காமல் காத்திருந்தவரைக் கேட்டுவிட்டல்லவா வரிசையில் நிற்க வேண்டும்.

இப்படியிருக்க, 2025 செப்டம்பரில் ரிக்கோ ஜிஆர் 4 விற்பனைக்கு வந்தது. ஏபிஎஸ்-சி, எடை கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், உள்ளேயே 53 ஜிபி சேமிப்பு. அமெரிக்காவில் 1,499.95 டாலர், பாட்டா செருப்பு விலை மாதிரி. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த உறவுக்காரப் பையன் ஒருத்தன் அதைக் கொண்டுவந்து கடையில் அண்ணன் கையிலேயே வைத்துவிட்டான்.

கடை அமைதியானது. முட்டை எண்ணிக்கொண்டிருந்த பையன் அட்டையைக் கீழே வைத்தான். அண்ணன் திருப்பிப் பார்த்தார், லென்ஸ் நீண்டு உள்ளே இழுத்துக்கொள்வதை மூன்று தடவை பார்த்தார். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கல்லாவிலிருந்து வாசல் வரை போய் வந்தார். கச்சிதமாக இருந்தது. தையல்காரரை மெச்ச வேண்டும். எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஒரு படம் எடுத்துப் பாருங்க மாமா."

"எடுத்துட்டா அப்பறம் ஒரு முடிவுக்கு வந்தாகணும் கண்ணு. இது 28 எம்எம் பார்வை, ரொம்ப அகலம். மூணாவது மாடல் 2019-ல வந்துச்சா? அதுலயே 40 எம்எம் வெச்சு 2021-ல விட்டான். ரெண்டு வருசம். அப்ப இது 2027."

"அப்ப வாங்கிருவீங்க?"

அண்ணன் காலண்டர் பக்கம் பார்த்தார். "ஆவணி வாக்குல வரும். அடுத்த ஆடித் தள்ளுபடி வரைக்கும் பொறுக்க முடியாதுங்களா?"