போக்குவரத்து ஆணையத்தார் சமூகத்திற்கு ஒரு விண்ணப்பம்

கனம் பொருந்திய வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தார் சமூகத்திற்கு, சங்கரன்கோவில் பஸ் பிரயாணி ஒருவன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது:

2025 நவம்பர் 24-ஆம் தேதி, எங்கள் தென்காசி மாவட்டத்து இடைகால் அருகே, மதுரையிலிருந்து செங்கோட்டைக்குச் சென்ற தனியார் பஸ்ஸும், தென்காசியிலிருந்து கோவில்பட்டிக்குப் புறப்பட்ட மற்றொரு தனியார் பஸ்ஸும் நேருக்கு நேர் மோதி, அன்றைய தினமே ஆறு பேர் மாண்டார்கள். முப்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றார்கள். இத்தகைய துர்ச்சம்பவம் ஒன்று நேர்ந்தவுடன் அதிகார வர்க்கத்தில் பிறக்கும் சுறுசுறுப்பை நான் என்றுமே வியந்து போற்றுகிறவன். சாலையில் வண்டிகள் மறிக்கப்படுகின்றன, ஏர்ஹாரன்கள் பிடுங்கப்படுகின்றன, மாண்டவர்கள் உயிரோடு பிரயாணம் செய்த காலத்தில் எவரும் தேடாத பர்மிட் கோப்பு, அவர்கள் போன பிறகு தூசி தட்டி எடுக்கப்படுகிறது.

மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓடாதபடி தடுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சட்டம் விதித்திருக்கிறது. சந்தோஷம். ஆயினும், ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் இடையே சில நிமிஷங்களே கொடுத்து நேர அட்டவணை வகுக்கும் திருக்கரத்துக்கு அத்தகைய கருவி எதுவும் பூட்டப்படவில்லை. முன்வண்டி ஜனங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டால் பின்வண்டிக்குக் கலெக்ஷன் இல்லை. கலெக்ஷன் இல்லையேல் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் பேட்டா குறையும். ரயில்வே கேட்டில் நின்ற நேரத்தையும், கடைவீதி நெரிசலில் ஊர்ந்த நேரத்தையும் வெட்டவெளியில் ஈடுசெய்தாலன்றி அடுத்த ஸ்டாண்டில் டைம் கீப்பரின் வசைமொழிக்குத் தப்ப முடியாது. (நாங்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர், எந்த வண்டி முந்துமோ அதில்தான் ஏறுவோம்.)

எங்கள் ஊர் ஸ்தலபுராணத்தில் சங்கன், பதுமன் என்னும் நாகராஜாக்கள் இருவர், சிவன் பெரியவரா விஷ்ணு பெரியவரா என்று வாதாடினார்கள். அந்த வழக்குத் தீரும்பொருட்டு எங்கள் கோமதியம்மன் தவம் நிற்க, சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி தந்தார். ஆண்டுதோறும் ஆடித் தபசில் ஊரே கூடி அதைக் கொண்டாடுகிறோம். முன்வண்டி பெரிதா பின்வண்டி பெரிதா என்னும் இன்றைய வழக்கிலோ தவத்திற்கு அவசியமே இல்லை. ஆணையத்தார் அமர்ந்த நாற்காலியிலேயே இரண்டு டைமிங்குகளைச் சற்று விலக்கி எழுதினால் போதும்.

முந்துவதில் நம் மாநிலமும் சளைத்ததன்று. 2022-இல் அது 64,105 சாலை விபத்துகளோடு பாரதத்திலேயே முதலிடம் பெற்றதாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. மாண்டோர் 17,884 பேர். அதில் மட்டும் உத்தரப் பிரதேசம் நம்மை முந்திக்கொண்டது.

ஆகையால் அடியேன் வேண்டுவது அதிகமில்லை. ஒவ்வொரு விபத்திலும் ஓட்டுநர் “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்” ஓட்டினார் என்று போலீஸார் எழுதும் முதல் தகவல் அறிக்கையின் நகலோடு, அந்தத் தடத்துக்குத் தாங்கள் அங்கீகரித்த நேர அட்டவணையையும், முதலாளி எழுதிவைத்த பேட்டாக் கணக்கையும் சேர்த்துத் தைத்து, எங்கள் பஸ் ஸ்டாண்டில் சினிமாப் போஸ்டர் ஒட்டாத சுவர் ஏதேனும் மிஞ்சியிருந்தால் அதில் ஒட்டிவைக்க உத்தரவாக வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் அட்டவணைப்படி பிரயாணம் செய்யும்
ஒரு பிரஜை